தாத்தா இன்னும் கண் மூடவில்லை

1

இந்தக் கதை ஒரு கத்தலில் பிறந்தது. திங்கட்கிழமை சாயங்காலம், என் அடுப்பில் சிவப்பு பீன்ஸ் கொதித்துக்கொண்டிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒடெஸா, "அக்கா! நாளைக்குக் கத்தி என் கையில!" என்றாள். நியூ ஆர்லியன்ஸ் முழுக்கக் கேட்டிருக்கும். அறுவை சிகிச்சைப் பயிற்சியில் அவளுக்கு இது கடைசி வருடம். அந்தப் பிரிவில் கறுப்பினத்தவர் அவள் ஒருத்திதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்தவள் என்று நினைத்து நோயாளி அவளை..."

[இந்த வரியை அடித்துவிட்டேன். நடந்ததுதான். ஆனால் இன்று அழ எனக்கு நேரமில்லை.]

சரி, ரொபிஷோ தாத்தாவிலிருந்து தொடங்குவோம். டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர், கறுப்பினத்தவர். குடலில் கட்டி. "எங்கப்பாவை ஆஸ்பத்திரில சோதனை எலியா வெச்சிருந்தாங்க. என்மேல கத்தி படக்கூடாது" என்று மாதக்கணக்கில் முரண்டு பிடித்தார். ஒடெஸாவைப் பார்த்ததும்தான் இறங்கி வந்தார்.

"நீயா வெட்டுவ? அட, இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா!"

செவ்வாய் காலை அவருடைய சர்ச் பாடகர் குழுவே வார்டுக்கு வந்து அவளைப் பார்த்துக் கை தட்டியது.

[பாடகர் குழு கொஞ்சம் அதிகமோ? இருந்துவிட்டுப் போகட்டும், எனக்குச் சந்தோஷமாயிருக்கிறது.]

3

வெட்டுவதற்கு முன் எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் உரக்கச் சொல்வது ஆபரேஷன் தியேட்டரில் வழக்கம். நோயாளி மயக்க மருந்தில் தூங்கிய பிறகுதான் சொல்வார்கள். தாத்தா விடவில்லை.

"என் காதுல விழட்டும், அப்புறம் தூங்க வைங்க. இவதான் சர்ஜன்னு கேக்கலேன்னா எந்திரிச்சுப் போயிடுவேன், ஆமா!"

போனால் கட்டியோடுதான் போவார்.

சிக்கல் என்னவென்றால், "சர்ஜன்" என்று சொல்வது எப்போதும் பெரிய டாக்டர் விட்லாக். ஒடெஸா சொல்வது "பயிற்சி". கத்தியைத் தருவதாக அவர் சொல்லியிருந்தார். "சர்ஜன்" என்ற பெயரைத் தருவதாகச் சொல்லவில்லை. வெள்ளைக்காரர், கறார்ப் பேர்வழி. அவரை வில்லனாக்க எவ்வளவோ பார்த்தேன்.

மனுஷர் ஒத்துழைக்கவில்லை. முகக்கவசத்துக்குள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "விட்லாக். உதவிக்கு நிக்கிறேன்" என்றார்!

4

அடுத்தது அவள் முறை.

"ஒடெஸா ப்ரூடம்" என்றாள். பழக்கதோஷம், நாக்கு "பயிற்சி" பக்கமே ஓடியது. அதை இழுத்துப் பிடித்தாள்.

தாத்தா தலையைத் தூக்கினார். "சொல்லும்மா!"

"நான்தான் இங்க..."

[மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தாயிற்று.]

மீதியை நான் எழுதமாட்டேன். எழுதினால் படித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். நீங்களே சொல்லுங்கள், வாய்விட்டு, சத்தமாக. தாத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.