நாங்க பாத்துக்கறோம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அக்காள் என்றால் உயிர். ஆனாலும் மனைவிக்கு மார்பில் புற்று என்று தெரிந்த நாளிலிருந்து அந்த அக்காளை வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். கேட்டால் ஒரே பதில்தான்: "நாங்க பாத்துக்கறோம்க்கா."

மூன்றாம் தடவை அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "'நாங்க'ன்னா அப்ப நான் யாருடா? கொரியர் கொண்டு வந்தவளா?"

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஐந்து மாதமாக வேலைக்கு லீவு போட்டுவிட்டு, குளிப்பாட்டுவது, வாந்தி எடுத்த கிண்ணத்தை அலம்புவது, மணி பார்த்து மாத்திரை கொடுப்பது எல்லாம் அவன்தான். அடுத்தவர் கை பட்டால் மனைவி பிழைக்கமாட்டாள் என்று நம்பினான், பைத்தியக்காரன். அவளோ ஒரு நாள்கூட அழுததில்லை. "என் பொண்டாட்டி இரும்பு சார்" என்று மாடிவீட்டுக்காரரிடம் பீற்றிக்கொள்வான்.

அந்தச் சனிக்கிழமை, காலை எட்டு மணிக்குக் கொடுத்த மாத்திரையையே பத்து மணிக்கு மறுபடியும் நீட்டினான். நல்லவேளை, அவள் பார்த்துவிட்டாள்.

"இது எட்டு மணிக்கே போட்டாச்சுங்க."

மாத்திரையை டப்பாவில் திரும்பப் போட்டான். தானே அக்காளுக்கு போன் போட்டான்.

அக்காள் வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ரெண்டு மணி நேரம் இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்காதே. கிளம்பு."

தெருமுனை வரை போனவன், பர்ஸை மறந்துவிட்டோமே என்று திரும்பினான். கதவருகே வந்ததும் உள்ளே மனைவியின் குரல் கேட்டது. சாதாரண அழுகையா அது?

"பயமா இருக்கு அண்ணி. செத்துருவேனோன்னு பயமா இருக்கு. அவர்கிட்ட காட்டிக்க முடியல. நான் ஒரு சொட்டு கண்ணீர் விட்டா அந்த மனுஷன் உடைஞ்சே போயிடுவாரு."

"அழும்மா. நல்லா அழு. நான் எங்கயும் போகல."

ஐயோ! இந்த ஐந்து மாதமும் யார் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

உள்ளே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளக் கை பரபரத்தது. போனால் அந்த அழுகை நின்றுவிடும். மாடிப்படியில் உட்கார்ந்து, சட்டை நுனியை வாயில் திணித்துக்கொண்டு அவனும் அழுதான்.

உள்ளே எல்லாம் அடங்கி வெகுநேரம் கழித்துத்தான் மணியை அழுத்தினான். மனைவி வீங்கிய கண்களோடு சிரித்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

"இப்பதான் வந்தேன்" என்றான். பிறகு அக்காளைப் பார்த்து, "நாளைக்கும் வரியாக்கா?" என்று கேட்டான்.