தண்ணீரில் கிடக்கும் ஆள்

வேளிக் காயலில் எங்கள் பாய்ப்படகுச் சங்கத்துக்கு மூன்று படகுகள் உண்டு. மூன்றும் பொது. பொது என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்துவிடக் கூடாது. கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் பெயர் ஏறியவர்கள்தான் சுக்கான் பிடிக்கலாம். மற்றவர்கள், பலகையில் பெயர் உள்ள ஒருவர் கூட வந்தால்தான் கரையை விட்டு நகர முடியும்.

ரத்னாபாய் டீச்சர் இரண்டு வருஷமாக அந்த மற்றவர்களில் ஒருவர். நாகர்கோவில்காரர், பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமைதோறும் துறையில் வந்து நின்று, "சார், ஒரு மணிக்கூர் கூட வருவியளா?" என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்பார். பாதி நாள் எல்லாருக்கும் வேறு ஜோலி வந்துவிடும். அவர் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் படகோட்டுவதைப் பார்த்துவிட்டு, வண்டி பிடித்து வீட்டுக்குப் போவார்.

என்னையும் கேட்டிருக்கிறார். போனால் போகிறது என்று ஏறுவேன். ஏறின கையோடு சுக்கானை நான் பிடித்துக்கொள்வேன். எனக்கு அப்படி ஒரு புத்தி. பெயர் குற்றாலலிங்கம், மராமத்து இலாகாவில் தலைமை குமாஸ்தா, கோபம் மூக்கின் மேல் இருக்கும். பலகையில் என் பெயர் ஏறி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

தேர்வு வருஷத்துக்கு ஒரே ஒரு நாள். தோற்றால் அடுத்த வருஷம்தான். கடல்காற்று எழும்பின பிறகு துறையிலிருந்து புறப்பட வேண்டும்; காயல் நடுவில் நட்ட கம்பத்தைச் சுற்ற வேண்டும்; துடுப்பைத் தொடாமல் நாற்பது நிமிஷத்துக்குள் திரும்பிவர வேண்டும். இடையில் ஓர் ஆள் தண்ணீரில் விழுவான், அவனையும் எடுத்தாக வேண்டும். ஆள் என்றால் தேங்காய். தேர்வு நடத்தும் சாம்பசிவன் சார், ஓய்வு பெற்ற எஞ்சினீயர், அன்று காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, உரிக்காத நெற்று ஒன்றையும் வாங்கி வருவார். அதன் மட்டையில் கத்தியால் பெருக்கல் குறி கீறி, துணைக்குப் போகிறவன் கையில் கொடுப்பார். அவன் நினைத்த இடத்தில் "ஆள் விழுந்தாச்சு!" என்று கத்திக்கொண்டு அதை எறிய வேண்டும். அதன் பிறகு சுக்கான்காரர் சொல்வதைச் செய்யலாம். யோசனை சொல்லி வாயைத் திறக்கக் கூடாது.

கொல்லம் ஆண்டு 1113, மீன மாதத்தில் டீச்சர் தேர்வுக்கு நின்றபோது துணையாள் நான். வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய தண்டனை எனக்குக் கிடையாது.

ஆனால் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் பாய்க்கயிறு என்று அந்த அம்மாள் உட்கார்ந்த நிலையே அழகாக இருந்தது. காற்று வருமுன்னே அவருக்குத் தெரிந்தது. தண்ணீர் கருப்பதைப் பார்த்துக் கயிற்றை ஒரு சாண் தளர்த்துவார். காற்று வந்து மோதும்போது படகு சாயாமல் முன்னே பாயும். நான் இத்தனை நாள் சுக்கானைப் பிடுங்கிக்கொண்டு யாருக்கு வித்தை காட்டினேன் என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று.

கம்பத்தைத் தாண்டினதும் தேங்காயை எறிந்து கத்தினேன். அவர் பதறவில்லை. வட்டமடித்துத் திரும்பி, படகின் மூக்கைக் காற்றுக்கு எதிரே காட்டி, தேங்காய்க்குப் பக்கத்தில் கட்டிப்போட்ட பசுவாகப் படகை நிறுத்தினார். "எடுங்க சார்" என்றார். எடுத்தேன்.

மட்டையில் குறி இல்லை.

முந்தின இரவு நல்ல மழை. தோப்புகளிலிருந்து விழுந்த நெற்றுகள் காயலில் அங்கங்கே மிதந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று இது. டீச்சர் பாயையே கவனித்துக்கொண்டிருந்தார். நான் தேங்காயைக் காலடியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். துணையாள் வாய் திறக்கக் கூடாது அல்லவா? விதிகளை எனக்கு வசதியானபோது நான் ரொம்ப மதிப்பேன்.

முப்பத்துநாலாவது நிமிஷம் துறையை அடைந்தோம். முட்டாமல், உரசாமல் படகு வந்து ஒட்டியது. சாம்பசிவன் சார் கையில் தொலைநோக்கி, இன்னொரு கையில் கடியாரம், முகமெல்லாம் சிரிப்பு.

"பேஷ்! இவ்வளவு நன்னா ஆளை எடுத்து நான் பாத்ததில்லே. வாங்கோ, பேரை எழுதிடலாம்."

டீச்சர் தேங்காயை அவரிடம் கொடுக்க எடுத்தவர், திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவை திருப்பினார்.

"சார், இது நம்ம ஆளு இல்ல."

"தேங்காய் ஏதானா என்ன? நீங்க படகை நிறுத்தின விதத்தைப் பாத்தேன். அது மதி, அதுவே போதும்."

"நம்ம ஆளு இப்பவும் வெள்ளத்துல கெடக்கான் சார்" என்றார் டீச்சர். என்னைப் பார்த்து, "தள்ளுங்க" என்றார்.

தள்ளினேன். காற்று அதற்குள் பலத்துவிட்டது. எங்கள் ஆள் கிழக்குக் கரைக்கே ஒதுங்கிவிட்டான். அங்கே கயிறு திரிக்கத் தேங்காய் மட்டை ஊறப்போடும் இடம். தண்ணீருக்குள் கழிகளாக நட்டிருக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். காற்றும் அந்தப் பக்கம்தான் தள்ளும். பாயோடு போகிற படகு கழிகளில் சிக்கி உடைய வேண்டியதுதான். நானாக இருந்தால் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். டீச்சர் முன்னாடியே பாயை இறக்கச் சொல்லி, நங்கூரத்தைப் போட்டு, அதன் கயிற்றை முழம் முழமாக விட்டுக்கொண்டே படகைப் பின்பக்கமாகக் கழிகளுக்குள் இறக்கினார். குனிந்து தேங்காயை எடுத்தார். குறி இருந்தது. பிறகு அதே கயிற்றை இரண்டு பேரும் இழுத்து வெளியே வந்து பாயை ஏற்றினோம். அவர் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது.

மறுபடி துறையில் ஒட்டினபோது சாம்பசிவன் சார் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மொத்தம் அறுபத்தொண்ணு நிமிஷம். சட்டம் நாப்பது. நான் என்ன செய்யறது? அடுத்த வருஷம் வாங்கோ."

"சரி சார்" என்று டீச்சர் பாயை மடிக்க ஆரம்பித்தார். தோல் உரிந்த கை பாயில் பட்டபோதெல்லாம் விரலை உதறிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொங்கிவிட்டது. அவர்மேல் இல்லை, சார்மேல்கூட இல்லை.

"சார், மூணு வருஷத்துக்கு முந்தி நான் கொண்டுவந்த தேங்காயைத் திருப்பிப் பாத்தியளா?" என்று கத்தினேன். "அதுல குறி கெடையாது. எனக்கு அப்பமே தெரியும். பக்கத்துல மெதந்ததை எடுத்துட்டு வந்தேன். நீங்க பேஷ்னு சொல்லி எம்பேரை எழுதினிய."

சாம்பசிவன் சார் தொலைநோக்கியைக் கீழே வைத்தார். பிறகு கொட்டகைக்குள் போனார். நாங்களும் பின்னால் போனோம். ஈரத்துணியால் பலகையில் என் பெயரை அழுத்தித் துடைத்தார்.

"அந்த நாப்பது நிமிஷச் சட்டத்தை எழுதினது நான்தான், கேட்டேளா" என்றார். "விழுந்தவனைச் சீக்கிரம் கரை சேக்கணும்னு எழுதினேன். விட்டுட்டு வந்தவனுக்குப் பேரு, திரும்பிப் போனவாளுக்கு அடுத்த வருஷமா? எனக்கு லஜ்ஜையா இருக்கு ஓய்."

துடைத்த இடம் காய்வதற்குள் அங்கேயே ரத்னாபாய் என்று எழுதினார்.

டீச்சர் அதை ஒரு தடவை வாசித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டுவிட்டார். வெயில் இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நேரே துறைக்குப் போய்ப் பாயை மறுபடி ஏற்றினார். நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். பழக்கதோஷத்தில் ஒரு காலையும் படகுக்குள் வைத்துவிட்டேன்.

"குற்றாலலிங்கம் சார்," என்றார் மெதுவாக, "எறங்குங்க."

காலை எடுத்தேன். கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். படகு கரையை விட்டு விலகிக் காற்றைப் பிடித்துக்கொண்டது. அது போகிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆயுசில் முதல் தடவையாக, ஒருவர் என்னை இறங்கச் சொன்னதற்கு எனக்குக் கோபம் வரவில்லை.