மூன்று சார்ஜன்ட், இரண்டு வான்கோழி

ஆவடிப் பட்டாளத்துச் சமையலறையில், 1944ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் அன்று காலை எட்டு மணிக்கு, மூன்று சார்ஜன்ட்களுக்கு மூன்று முறை "எஸ் சார்" சொல்லிவிட்டு, இறகு பிடுங்கிய இரண்டு வான்கோழிகளுக்கு முன்னால் நான் விழித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பேசத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்; கையைக் காட்டிப் பேசினால் பாதி புரியும். ஆனால் அதைச் சொல்லும் தோரணையில் ஒரு குறை இருக்காது. அந்தத் தோரணைதான் என்னை மாட்டிவிட்டது.

வான்கோழியை எப்படிச் சுடுவது என்பதில் அவர்களுக்குள் தகராறு இல்லை. அதோடு சேர்த்துத் தின்னும் பதார்த்தத்தில்தான் தகராறு. முதலில் வந்தவர் லண்டன்காரர், குண்டு சார்ஜன்ட். அவர் அதை ஸ்டஃபிங் என்றார். ரொட்டியை உதிர்த்து, வெங்காயமும் டப்பாவில் வந்த ஏதோ காய்ந்த இலையும் சேர்த்துப் பறவையின் வயிற்றுக்குள் திணிக்க வேண்டும். தன் வயிற்றிலேயே குத்திக் காட்டினார். எஸ் சார். அடுத்து வந்தவர் செம்பட்டைத் தலை சார்ஜன்ட், இங்கிலாந்தின் வடக்கத்திக்காரர். அவர் ஊரில் அதன் பெயர் சீசனிங். வயிற்றுக்குள் வைத்தால் பாவமாம். தனியாகத் தட்டில் சுட்டு, துண்டு போட்டு, கறிக்கு முன்னாலேயே குழம்பு ஊற்றித் தின்ன வேண்டும். மேஜைமேல் விரலால் கட்டம் போட்டார். எஸ் சார். மூன்றாவது மீசை சார்ஜன்ட், ஸ்காட்லாந்துக்காரர். ரொட்டி என்றாலே முகத்தைச் சுளித்தார். ஓட்ஸை வெங்காயத்தோடு கொழுப்பில் வறுத்தால் போதும், பெயர் ஸ்கர்லி. எஸ் சார்.

எங்கள் முத்தாபுதுப்பேட்டையில் கருவாட்டுக் குழம்புக்குக் கத்திரிக்காயா முருங்கைக்காயா என்று தெருவுக்குத் தெரு அடித்துக்கொள்வார்கள். அதனால் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. பயமாக இருந்தது. குக் வீராசாமி மலேரியாக் காய்ச்சலோடு ஊருக்குப் போனவர் இனி வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் சாப்பாடு நன்றாக அமைந்தால் குக் வேலை உனக்கு, கெட்டுப்போனால் ரோட்டில் கப்பிக்கல் உடைக்கப் போ என்று கேப்டன் துரை சொல்லியிருந்தார். ஸ்டோர் கிளார்க் பரந்தாமன்தான் அதைத் தமிழில் சொன்னார். கப்பி உடைத்து உடைத்து என் அப்பாவுக்கு ஒரு கண் போனது. எனக்கு அந்த வேலை வேண்டாம்.

ஸ்டோருக்குப் போனால், மழையில் லாரி மாட்டிக்கொண்டதாம், ரொட்டி எட்டே எட்டுத்தான் இருந்தது. ஓட்ஸ் அரை டின். ஆட்கள் முப்பது பேர். எந்த சார்ஜன்ட்டுக்குத் துரோகம் செய்வது என்று யோசித்துக்கொண்டு அடுப்படியில் குந்திவிட்டேன்.

அங்கே மசாலா அரைக்கிற வேலைக்கு வருகிறவள் என் பெண்சாதி பொன்னியம்மா. முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இதுக்கா இப்டி குந்திகினு கீற? மூணு பேருக்கும் தலைய ஆட்டிட்டு வந்துக்கீறியே மாமே, ஒன்ன இன்னா சொல்றது!"

"நீ வேற. எது பண்ணாலும் ரெண்டு பேரு ஒதைப்பானுங்க."

"ஆடி மாசம் அம்மனுக்குக் கூழு ஊத்தறமே, ஒவ்வொரு ஊட்லேந்தும் கொண்டாந்து ஒரே அண்டாவுலதான ஊத்தறம்? ஒருத்தி ஊட்டுது புளிச்சுக்கீது, ஒருத்தி ஊட்டுது தண்ணியாக்கீது. கலக்கி ஊத்தறப்ப, எங்க ஊட்டுக் கூழு எங்கனு எவனாவது தேடுறானா?"

சொல்லிவிட்டு என் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. எட்டு ரொட்டியையும் உதிர்த்தாள். ஓட்ஸைக் கொழுப்பில் வறுத்து அதன் தலையில் கொட்டினாள். காய்ந்த இலையை முகர்ந்து பார்த்து, போனால் போகிறதென்று ஒரு பிடி போட்டாள். பிசைந்ததை வாயில் வைத்தவள் முகம் கோணிற்று.

"பஞ்சு மாறி கீது. இத்த எப்டித்தான் துன்றாங்களோ."

நான் தடுப்பதற்குள் ஒரு படி சின்ன வெங்காயமும் பத்துப் பச்சை மிளகாயும் இஞ்சியும் கொத்தமல்லியும் உள்ளே போய்விட்டன. "அடியே, துரைங்களுக்குக் காரம் ஆவாதுடி" என்று கத்தினேன். "அப்ப நீயே பண்ணு" என்று கரண்டியை நீட்டினாள். நான் வாங்கவில்லை. பாதியை வான்கோழிகளின் வயிற்றில் அடைத்து வாழைநாரால் தைத்தாள். மீதியில் ஒரு பங்கைத் தட்டில் பரப்பி அடுப்புக்குள் தள்ளினாள். மிச்சத்தை டேக்சாப் பாத்திரத்தில் போட்டு, அடி பிடிக்கப் பிடிக்க வறுத்தாள்.

பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு. குண்டு சார்ஜன்ட் ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்குக் கப்பிக்கல் சத்தமே காதில் கேட்டுவிட்டது. அவர் ஒரு குவளை பீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தட்டை வழித்து நக்கிவிட்டு, "ஸ்டஃபிங்!" என்று கத்தினார். செம்பட்டையார் மேஜையைத் தட்டி "சீசனிங்!" என்றார். மீசைக்காரர் எழுந்து நின்றே "ஸ்கர்லி!" என்றார். பொன்னியம்மா கதவோரம் நின்று எடுத்துக் கொடுக்க, நான் ஓடி ஓடிப் போட்டேன். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று ஒருநாள் மட்டும் பெரிய துரைமார்களும் எங்களோடு சேர்ந்து சிப்பாய்களுக்குப் பரிமாறுவது அவர்கள் வழக்கம். இடுப்பில் துண்டு கட்டியிருந்த கேப்டன் துரை, தட்டும் கையுமாகச் சமையலறைக்குள் வந்தார். கூடவே பரந்தாமன்.

"இதப் பண்ணது யாருனு கேக்குறாரு, தங்கவேலு. குக் வேலைய இப்பவே எழுதிடலாம்ன்றாரு."

இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது. பொன்னியம்மாவும் என்னைப் பார்த்தாள். கன்னத்தில் வான்கோழிக் கொழுப்பு ஒட்டியிருந்தது. நான் எதைச் சொன்னாலும் மறுக்கமாட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இவதாங்க பண்ணா. எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றேன். சொன்னதும் சிரிப்பு வந்தது.

துரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாப்பாட்டு அறைக்குப் போய் ஒரு நாற்காலியைத் தானே தூக்கி வந்து, அவள் முன்னால் போட்டு, உட்காரும்படிக் கையைக் காட்டினார். எங்கள் ஆட்கள் அந்த நாற்காலிகளைத் துடைத்திருக்கிறார்களே தவிர, உட்கார்ந்ததில்லை.

பொன்னியம்மா நாற்காலியைப் பார்த்தாள். துரையைப் பார்த்தாள். முந்தானையால் அதன் பலகையை ஒரு துடை துடைத்தாள். பிறகு சூடு பறக்கும் டேக்சாவைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு, அடியில் பிடித்திருந்ததைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டு, "தட்ட நீட்டு நைனா" என்றாள். துரை நீட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் குண்டு சார்ஜன்ட் தட்டோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் செம்பட்டை, அதற்குப் பின்னால் மீசை, அப்புறம் கதவு தாண்டி வராந்தா வரைக்கும் தட்டுகள்.