எட்டு முப்பத்தாறு மணி வண்டி

எண்களைச் சும்மா விட எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் மற்றவர்கள் அறிக்கையின் கடைசி வரியைப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். நான் நடுவில் கிடக்கும் இரண்டாயிரம் வரிகளைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருப்பேன். "உனக்கு மூக்கு ஒரு முழம் நீளம்" என்பார் என் வீட்டுக்காரர். அந்த மூக்கை வைத்துத்தான் அவர் தொலைக்கும் சாவியெல்லாம் கிடைக்கிறது என்பதை வசதியாக மறந்துவிடுவார்.

நகராட்சியின் சாலைப் பிரிவில் வண்டிகளை எண்ணுவது என் வேலை. தெருவின் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்களை ஒரு மீட்டர் இடைவெளியில் ஆணியடித்துப் பதிப்பேன். சக்கரம் ஏறியதும் உள்ளே இருக்கும் காற்று ஓடிப்போய், விளக்குக் கம்பத்தில் பூட்டி வைத்த பெட்டியைத் தட்டும். பெட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளும். வண்டி எந்தப் பக்கம் போனது, எவ்வளவு வேகம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம், எல்லாம் அதிலிருந்து தெரிந்துவிடும். ஓட்டியவர் முகம் மட்டும் தெரியாது. எனக்கு மண்டைக் குடைச்சல் ஆரம்பிப்பதே அங்கேதான்.

அந்தத் தெருவிலிருந்து நான்கு கடிதங்கள் வந்திருந்தன. எழுதியவள் ஒரு தையற்காரி. வீட்டு முன்னறையிலேயே கடை. நான்காவது கடிதத்தின் கீழே இருபத்தாறு வீட்டுக்காரர்களின் கையெழுத்து. எங்கள் தெருவில் வண்டிகள் பறக்கின்றன, உடனே வேகத்தடை போடுங்கள் என்று கேட்டிருந்தாள்.

நான் குழாய் பதித்த அன்று அவளுடைய மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பத்து வயது. முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது.

"ஆன்ட்டி, ஸ்பீட் பிரேக்கர் எப்ப வரும்?"

"வருமான்னே இன்னும் தெரியாதே. உனக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

"அது வந்தாதான் நான் தனியா ஸ்கூலுக்குப் போகலாம்னு அம்மா சொல்லியிருக்காங்க. என் கிளாஸ்ல என்னைத் தவிர எல்லாரும் தனியா போறாங்க. என்னை மட்டும் 'பார்சல்'னு கூப்பிடறாங்க."

"எதுக்கு பார்சல்?"

"அம்மா கார்ல கொண்டுவந்து இறக்கிட்டுப் போறாங்க இல்ல? அதான்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பள்ளிக்கூடம் அதே தெருவின் கோடியில், எழுநூறு மீட்டர். ஓரிடத்தில் தெருவைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் விதி எளிமையானது. நூறு வண்டிகளை மெதுவாகப் போனதிலிருந்து வேகமாகப் போனது வரை வரிசையாக நிறுத்தினால், எண்பத்தைந்தாவதாக நிற்கும் வண்டியின் வேகமே அந்தத் தெருவின் வேகம். குடியிருப்புத் தெருவில் போகவேண்டியது மணிக்கு முப்பது கிலோமீட்டர். அந்த எண்பத்தைந்தாவது வண்டி நாற்பதைத் தாண்டினால் வேகத்தடை உண்டு. ஆனால் இரண்டு எண்ணிக்கை வேண்டும், நடுவே இரண்டு வாரம் விட்டு. இரண்டிலும் தாண்டவேண்டும்.

முதல் வாரம் நாற்பத்திரண்டு வந்தது.

"முதல் எண்ணிக்கை பாஸ். அடுத்ததுக்குத் தேதி போடு" என்றார் இன்ஜினியர்.

போட்டேன். போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வரி என் கண்ணை உறுத்தியது. திங்கள் காலை எட்டு முப்பத்தாறுக்கு ஒரு வண்டி, வேகம் அறுபத்தேழு. செவ்வாயும் எட்டு முப்பத்தாறு, அறுபத்துநான்கு. புதன் எட்டு முப்பத்தைந்து, அறுபத்தொன்பது. வாரத்திலேயே அதிக வேகம் அதுதான். வெள்ளி வரை அதே கதை, சனி ஞாயிறு ஆளைக் காணோம். சக்கர இடைவெளி ஐந்து நாளும் இரண்டு மீட்டர் முப்பத்தாறு. சின்ன வண்டி, ஒரே வண்டி. யாருடைய காலில் தினமும் இப்படி வெந்நீர் கொட்டுகிறது?

அடுத்த திங்கட்கிழமை கையடக்க வேகமானியை எடுத்துக்கொண்டு போய், தையற்காரியின் வீட்டுக்கு எதிரே நின்றேன். எட்டரையிலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு முப்பத்தாறுக்கு ஒரு சின்ன நீல வண்டி தெருமுனையில் தெரிந்தது. கருவியை நீட்டினேன். அறுபத்தாறு. வண்டி கிறீச்சென்று பிரேக் போட்டு, எனக்கு எதிரே இருந்த வாசலுக்குள் திரும்பியது. கழுத்தில் அளவு நாடா தொங்க, தையற்காரி இறங்கினாள்.

"அக்கா! நீங்களா? பாத்தீங்களா எப்படிப் பறக்கறாங்கன்னு?"

கருவியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"அறுபத்தாறா! அடப்பாவி! யாரு அது?"

"இப்ப வந்த வண்டி."

"எந்த வண்டி? எனக்குப் பின்னாடி யாரும் வரலையே."

நான் அவளுடைய வண்டியைக் கண்ணால் காட்டினேன். அவள் தன் வண்டியைப் பார்த்தாள். பிறகு கருவியை, பிறகு என்னை. முகத்தில் ஈயாடவில்லை.

"மிஷின் தப்பா இருக்கும்" என்றாள்.

"போன வாரம் அஞ்சு நாளுமா?"

கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "எட்டே முக்காலுக்கு அளவு பாக்க முதல் ஆள் வந்து நிப்பாங்க. பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு வந்து நான் கடையைத் திறக்க வேண்டாமா? தெரு ஒழுங்கா இருந்தா இவ நடந்து போயிடுவா. நான் எதுக்கு வண்டியை எடுக்கப் போறேன்?"

சொல்லி முடித்ததும் சொன்னது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். உள்ளே போய்த் துணி வெட்டும் மேசையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் போனேன். என்னிடமிருந்த தாள்களைக் கேட்டு வாங்கி, அளவுக் குறிப்பைப் படிப்பதுபோல விரல் வைத்துப் படித்தாள். காலையில் போய், அரை மணிக்குள் அதே சக்கர இடைவெளியோடு திரும்பிய வண்டிகளை ஜோடி சேர்த்துச் சிவப்பு மையில் குறித்திருந்தேன். வேகமாகப் போனவற்றில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன.

"ஏழு அம்பது, பெரிய வண்டி. இது எதிர்வீட்டுப் பல் டாக்டர், பையனை விடப் போறார். எட்டு அஞ்சு, இது மூணாவது வீட்டு பேங்க்காரம்மா." விரல் இறங்கிக்கொண்டே போனது. "அக்கா, இவங்க எல்லாருமே அந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்டவங்க!"

சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் பைத்தியங்கள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தபோது முதல் வாடிக்கையாளர் உள்ளே வந்து, தப்பான நேரத்துக்கு வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

கிளம்பும்போது, "இன்னொரு எண்ணிக்கை இருக்கு. அதுலயும் நாற்பதைத் தாண்டினாதான் உண்டு" என்று சொல்லி வைத்தேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டாவது முறை குழாய் பதித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளிலேயே ஆணி ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் திங்கள் மதியம் போவது வழக்கம். போனேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் தலை சுற்றியது. காலை ஏழு நாற்பதிலிருந்து ஐம்பத்தெட்டு, அறுபத்துமூன்று, எழுபத்தொன்று. அந்தத் தெருவில் அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததே இல்லை. எட்டு பதினொன்றுக்கு ஒரு விசித்திரமான வரி. இரண்டு மீட்டர் முப்பத்தாறு வண்டிதான். முன்சக்கரம் இரண்டு குழாயையும் தாண்டியிருக்கிறது, பின்சக்கரம் தாண்டவில்லை. அது தாண்டியது எட்டு முப்பத்தொன்பதுக்கு. பெட்டி பாவம், வேகம் என்ற இடத்தில் கோடு போட்டிருந்தது. இருபத்தெட்டு நிமிடம் ஒரு வண்டி குழாயின் மேலேயே நின்றிருக்கிறது.

நேராகத் தையற்காரியிடம் போனேன். தைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினாள்.

"என்ன நடந்துச்சு?" என்றேன்.

"உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருக்குக்கா. சனிக்கிழமை கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் இங்கதான் உக்காந்து பேசினோம். நீங்க விட்டுட்டுப் போன லிஸ்ட்டைக் காட்டினேன். முதல்ல எல்லாரும் அசடு வழிஞ்சாங்க. அப்புறம் பல் டாக்டர் சொன்னார், 'இன்னும் ஒரே ஒரு வாரம் நல்லா வேகமா ஓட்டுவோம், நம்பர் வந்துடும், ஸ்பீட் பிரேக்கர் போட்டுடுவாங்க, அப்புறம் எல்லாரும் மெதுவா போயிக்கலாம்'னு."

"நீ சரின்னுட்டியா?"

"சரின்னுட்டேன். இவளுக்காகத்தானேன்னு தோணிச்சு."

"அப்புறம் எதுக்கு நடுவுல நின்னே?"

கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "காலையில வண்டியை எடுத்து அழுத்தினேன். இவ பின்சீட்ல எழுந்து நின்னு என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, 'இன்னும் வேகமா போம்மா! இன்னும் வேகமா! அப்பதான் எனக்குக் கிடைக்கும்'னு கத்தறா. சந்தோஷமா கத்தறா அக்கா. அதைக் கேட்டதும் பிரேக்கை மிதிச்சேன். அங்கயே நிறுத்திட்டேன். வண்டியை அப்படியே விட்டுட்டு ரெண்டு பேரும் ஸ்கூலுக்கு நடந்து போனோம்."

"பின்னாடி வந்தவங்க?"

"ஹாரன் அடிச்சாங்க, திட்டினாங்க. பையனை விட்டுட்டு வந்த பல் டாக்டர் வீட்டுக்குப் போக வழியில்லாம என் வண்டிக்கு எதிர்லயே நின்னுட்டிருந்தார். அவர்கிட்டதான் முதல்ல சொன்னேன், இது வேணாம்னு. சாயங்காலம் ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லப் போறேன்."

"சொன்னா நம்பர் இறங்கிடும். ஸ்பீட் பிரேக்கர் வராது. அதை யோசிச்சியா?"

"யோசிச்சேன்" என்றாள். "அதை மட்டும்தான் காலையிலேர்ந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நகராட்சி ஊழியர் அப்படிச் செய்யலாமா என்று தெரியாததால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

செவ்வாயிலிருந்து எண்கள் இறங்கின. முப்பத்தைந்து, முப்பத்திரண்டு. ஒரு வண்டி மட்டும் புதன்கிழமை ஐம்பது போனது, வியாழன் அதுவும் அடங்கிவிட்டது. திங்கட்கிழமையையும் சேர்த்து வாரத்தின் கணக்கு முப்பத்துநான்கு. இன்ஜினியர் தாளைப் பார்த்தார்.

"ரெண்டு வாரத்துல தெரு திருந்திடுச்சா? வேடிக்கையா இருக்கே. சரி, நிராகரிப்புக் கடிதம் அனுப்பிடு."

தபாலில் அனுப்பலாம். நானே கொண்டுபோனேன். காலை எட்டு மணிக்கு மகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். கடிதத்தை அவள்தான் வாங்கிப் பிரித்தாள், அவள்தான் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் உதடு கோணிக்கொண்டது.

"வரலையா?"

"வரலம்மா."

"எல்லாரும் மெதுவா போனதாலயா?"

"ஆமா."

"மெதுவா போகச் சொன்னது எங்க அம்மாதானே?" பின்னால் வந்து நின்ற தையற்காரியின் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்களே கெடுத்துட்டீங்க!"

தையற்காரி கடிதத்தை வாங்கிப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, முப்பத்திநாலுன்னா பயமில்லையா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "நாற்பத்திரெண்டுக்கு இது எவ்வளவோ மேல். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது" என்றேன்.

அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வாசல் கதவைத் திறந்தாள். வண்டியின் பக்கம் போகவில்லை.

"போ" என்றாள் மகளிடம்.

"எங்க?"

"ஸ்கூலுக்கு. நீயே போ."

"ஸ்பீட் பிரேக்கர்தான் வரலையே?"

"வரல. நீ போ, நான் மனசு மாறறதுக்குள்ள."

சிறுமி என்னைப் பார்த்தாள், ஏதோ ஏமாற்று வேலையோ என்பதுபோல. நான் தலையாட்டினேன். முதல் பத்து அடி பெரிய மனுஷி மாதிரி நடந்தாள். அதற்கு மேல் தாங்கவில்லை, பை முதுகில் குதிக்க ஓட ஆரம்பித்துவிட்டாள்.

"ஏய்! மெதுவா போ!" என்று தெருவே அதிரக் கத்தினாள் தையற்காரி.

சிறுமி நிற்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த பல் டாக்டரின் வண்டி நின்றது. அவர் கண்ணாடியை இறக்கி, "நான் மெதுவாதான்மா வர்றேன்!" என்றார், பாவமாக.

மகள் கடக்கவேண்டிய இடத்தில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, கடந்து, பள்ளிக்கூட வாசலுக்குள் மறையும்வரை தையற்காரி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். விட்டபோது நான்கு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. உள்ளே போனாள். நேரம் எட்டு பத்து. முதல் ஆள் வர இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது.

"அக்கா, போயிடாதீங்க" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "கை நடுங்குது. இந்த ஊசியில மட்டும் நூல் கோத்துக் குடுத்துட்டுப் போங்க."

வாங்கிக்கொண்டேன். ஐந்தாவது தடவைதான் நுழைந்தது.