பச்சை வில்லைக் கூண்டுகள்

...கைதட்டல் எதற்கு இப்போது, இன்னும் மாநாட்டுக்கே போகவில்லை, பக்கத்து அறையில் சின்னவள் ஒத்திகைதான் பார்க்கிறாள், அதற்கே இவ்வளவா, சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஆய்வு முடிந்த எலிகளை இன்னும் எடை போட்டுக்கொண்டிருக்கிறேன், இருநூற்றுப் பன்னிரண்டு கிராம், எழுது... கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. ஆராய்ச்சி மாணவி என்று வந்து ஒன்றரை வருஷம். பதினோரு வருஷமாக இந்த எலிக்கூடத்தில் கிடக்கிற என் பெயர் கடைசிப் பக்கத்து நன்றியில், அதுவும் ஏசி பழுது பார்த்தவருக்குப் பக்கத்தில். வயிறு எரிகிறது என்பார்களே, எனக்கு நிஜமாகவே எரிகிறது.

வேலையைப் பிரித்த அன்றே தெரிந்திருக்க வேண்டும். பிறந்து முப்பது நாள் ஆன எலிகள், மனிதக் கணக்கில் மீசை அரும்பும் வயது, அந்த வயதில் கஞ்சா ஆவியைச் சுவாசித்தால் உடம்பு என்ன ஆகும் என்பது கேள்வி. பன்னிரண்டு எலிகளுக்குத் தினமும் ஆவிப் பெட்டி, அவற்றின் கூண்டில் அடையாளத்துக்குப் பச்சை வில்லை. மற்ற பன்னிரண்டுக்கு அதே மாதிரிப் பெட்டியில் வெறும் காற்று, நீல வில்லை. பச்சை சின்னவளுக்கு, நீலம் எனக்கு. அவளுக்குக் கஞ்சா, எனக்குக் காற்று... நான்கூடச் சிரித்தேன் அன்றைக்கு. எடை போடுவதையும், திறந்த தொட்டியில் எலியை விட்டு அது நடுவே உலவுகிறதா மூலையில் ஒடுங்குகிறதா என்று பார்ப்பதையும், எது எந்தக் குழு என்று தெரியாத ஒருவர்தான் செய்ய வேண்டும். அப்படி ஆள் இல்லை. "நீ பழைய ஆள்மா, உனக்கென்ன ஓரவஞ்சனை வரப்போகுது, நீயே பண்ணிடு" என்றார் ஆய்வை நடத்தும் மேடம். இருபத்துநாலுக்கும் நானே பண்ணினேன். பச்சை எலிகள் மெலிந்தன, மூலையில் ஒடுங்கின, அதற்குத்தான் இந்தக் கைதட்டல்.

கதவு திறக்கிறது, சின்னவள், முகமெல்லாம் பல். "ஏன்க்கா வரல? உங்களத்தான் தேடினேன்." தேடினாளாம். "வேலை கெடக்கு" என்கிறேன். பச்சைக் கூண்டைத் திறக்கிறேன், வழக்கம்போல எலி பின்பக்கம் ஒட்டிக்கொண்டு நடுங்குகிறது, வாலடியைப் பிடித்து இழுத்துத் தராசில் போடுகிறேன், கீச்சென்று கத்துகிறது, நூற்று எண்பத்தொன்று, திரும்பக் கூண்டுக்குள், சனியன். "பாவம்க்கா" என்று அவள் கையை உள்ளே வைக்கிறாள், சும்மா வைக்கிறாள், அவ்வளவுதான்... எலி வருகிறது, விரலை முகர்கிறது, உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. "எங்கிட்ட எப்பவும் இப்படித்தான். உங்ககிட்ட மட்டும் ஏன்க்கா பயப்படுது?" குத்திக் காட்டுகிறாளா? இல்லை, அவளுக்கு அதெல்லாம் வராது, அதுவும்தான் எரிச்சல்.

நீல எலிகளை எப்படி எடுப்பேன் நான்? இரண்டு கையையும் குவித்து, வாடா தங்கம் என்று, நெஞ்சோடு கொஞ்ச நேரம் வைத்திருந்து... பச்சையை? அவளுடையதுதானே என்று, வெடுக்கென்று. இருபது நாள், ஒருநாள் தவறாமல். தொட்டியில் விட்டதும் இதே கை. அப்படியென்றால் மூலைக்கு ஓடியது கஞ்சாவாலா, என்னாலா? தீனி இறங்காமல் மெலிந்தது? கொஞ்சம் அதுவும் கொஞ்சம் இதுவுமாக இருக்கலாம், எது எவ்வளவு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. வெட்கக்கேடு, முதலில் வந்தது சந்தோஷம்தான்: நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் கட்டுரை கந்தல். ஆனால் உன்மேல் இருந்த பொறாமையில் என்றுதானே அதை ஆரம்பிக்க வேண்டும்? "சாயங்காலம் மேடம் கட்டுரைய அனுப்பிடுவாங்களாம்க்கா" என்கிறாள், எலியைத் தடவிக்கொண்டே. அடுத்த பச்சைக் கூண்டைத் திறக்கிறேன், கையை உள்ளே வைக்கிறேன், பிடிக்காமல், சும்மா. எலி அசையவில்லை. "கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருங்க, வரும்" என்கிறாள். சாயங்காலத்துக்குள் வருமா என்று கேட்கத் தோன்றுகிறது, கையை எடுக்காமல் வைத்திருக்கிறேன்...