மயில்பிடிக் கத்தி

“வாய்க்கரிசிக்கு அரிசி எடுக்கணும். டின்னு அடுப்படியிலதான இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே அக்கா சுடலையம்மாள் எழுந்தபோது, விடிந்ததிலிருந்து சுவரில் சாய்ந்து அசையாமல் கிடந்த மாடத்தி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

“நீங்க இருங்கக்கா. நான் எடுத்தாரேன்.”

“ஒனக்கு எந்திரிக்கத் தெம்பு எங்கட்டி இருக்கு? நேத்திருந்து தொண்டையில ஒண்ணும் எறங்கல.”

“அவியளுக்கு நானே எடுக்கேன்க்கா.”

சுடலையம்மாள் திரும்ப உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு முன்னால் போட்டிருந்த பந்தலின் கீழ், பெஞ்சில் மாடத்தியின் புருசன் சங்கிலிப்பாண்டி கிடந்தான். திருவில்லிபுத்தூர் ஆசுபத்திரியில் அறுத்துத் தைத்து, காலை பத்து மணிக்குத்தான் ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் காடாத்துணியைப் பட்டையாகச் சுற்றியிருந்தார்கள். அந்தத் துணியை மட்டும் யாரும் தொடவில்லை.

மாடத்தி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தகர டின்னின் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டாள். முழங்கை புதையும்போது விரலில் பித்தளை தட்டியது. கையை அப்படியே வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள்.

எண்பத்தேழாம் வருசம் செய்த கத்தி அது. வன்னியம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பருத்தி ஆலையில் மூடை பிரிப்பது பாண்டியின் வேலை. நாளைக்கு நூறு மூடை வரும். சணல் தையலை அறுத்து, சாக்கைக் கிழித்து, பருத்தியை மிசினுக்குத் தள்ள வேண்டும். கடையில் வாங்குகிற கத்தியெல்லாம் ஒரு மாதத்தில் மொட்டையாகிவிடும், இல்லாவிட்டால் பிடி ஆடும். லாரி வில்லின் இரும்புப் பட்டா ஒன்றைத் தேடிப் பிடித்து, திருவில்லிபுத்தூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்த பீர் முகமதுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். ஞாயிறு தவறாமல் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான். ஒரு மாதம் பார்த்துவிட்டு மாடத்தி கேட்டேவிட்டாள்.

“அங்க எவ இருக்கா?”

“வா, காட்டுதேன்” என்று அடுத்த ஞாயிறு அவளையும் கூட்டிப்போனான். பட்டறையில் எண்ணெய்த் துணியைப் பிரித்து பீர் முகமது காட்டியது இந்தக் கத்தியை. மடக்கினால் ஒரு சாண், விரித்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. கையில் வாங்கியதும் மணிக்கட்டு தாழ்ந்தது. பிடி பூராவும் பித்தளையில் மயில். தோகைக்கு, உடைந்த லாரிப் பின்விளக்கின் சிவப்புத் துண்டும், எங்கிருந்தோ கிடைத்த பச்சைக் கண்ணாடித் துண்டும் பதித்திருந்தது. படம் வரைந்து கொடுத்தது பாண்டிதான்.

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன் தங்கச்சி. சாதாரணமா மரப்பிடி போடுவோம்னேன். கேட்டாத்தான?” என்றார் பீர் முகமது. சொன்னாரே தவிர, முகமெல்லாம் சிரிப்பு.

அந்தக் கத்தியால் ஆலை இரண்டுபட்டது. சப்பரத்திலிருந்து பெயர்த்து எடுத்த மாதிரி அழகாயிருக்கிறது என்று பாதிப் பேர் சொன்னார்கள். சர்க்கஸ்காரன் கத்தி என்று மீதிப் பேர். மயிலே இல்லை, பல்லி என்று ஒருவன் சொல்லப்போய் டீக்கடையில் அரை மணி நேரம் தகராறு. பாண்டிக்கு எல்லாமே சந்தோசம்தான். பச்சை பெல்ட்டில் அதற்கென்று தோலில் ஒரு பை தைத்துப் போட்டுக்கொண்டான். ஆனால் அறுப்பில் அதை யாரும் குறை சொல்ல முடியவில்லை. நாளாக நாளாக, மற்றவர்கள் வைத்திருந்த அரிவாள் துண்டுகள் துருவேறி மூலைக்குப் போய்விட்டன. யாருக்கு எது அறுக்க வேண்டுமானாலும், “அண்ணே, மயில எடுங்க” என்றுதான் கேட்டார்கள்.

மாடத்திக்குத்தான் அது ஆகவில்லை. இந்த வருசம் மாசி மாதம் மகள் பேச்சியைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால், தர்பூசணி வெட்ட இடுப்பிலிருந்து அதை எடுத்து விரித்துவிட்டான். மாப்பிள்ளையின் தாய்மாமன் பழத்தைத் தொடவேயில்லை. நாலு நாள் கழித்து, “பொண்ணு நல்ல பொண்ணுதான், அப்பா இடுப்புல கத்தியோட திரியுதாராமே” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை. “பழம் வெட்டுனது ஒரு குத்தமாட்டி?” என்று அவன் மாடத்தியிடம் திரும்பத் திரும்பக் கேட்டான்.

நேற்று சாயங்காலம் வத்திராயிருப்பிலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அவன் ஆலையிலிருந்து நேரே வந்து உட்காருவான், இடுப்பில் அது இருக்கும். காலையில் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது பெல்ட்டிலிருந்து உருவி அரிசிக்குள் புதைத்துவிட்டாள்.

“ஏட்டி மாடத்தி, மயில பாத்தியா?”

“நான் என்னத்தக் கண்டேன்? நேத்து மிசின் பக்கம் எங்கயாச்சும் வச்சிட்டு வந்திருப்பீக.”

அவன் நின்று யோசித்தான். “இருக்கும்” என்றான். அவள் சொன்னதை அப்படியே நம்பினான். “சாயந்தரம் வெள்ளனமே வந்திருதேன். வரும்போது பூந்தி வாங்கிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினான்.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. உடன் வேலை பார்த்த வீரணன்தான் சொல்ல வந்தான். நேற்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அவனே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போதும் பந்தலிலிருந்து அவன் குரல் அடுப்படி வரை வந்தது.

“வந்ததும் வராததுமா மிசினுக்கு அடியில குனிஞ்சு எதையோ தேடிக்கிட்டிருந்தாரு. துண்டு நுனி சுத்துற சாப்டுத் தண்டுல மாட்டிருச்சு. நான் ஓடி மோட்டார அமத்திட்டேன். அப்ப உசுரு இருந்துச்சு. எங்களப் பாத்தாரு. துண்டு கயிறா முறுக்கிக் கழுத்த இறுக்கிக் கெடக்கு. பல்லால கடிச்சுப் பாத்தோம், முடியல. அவரு கை இடுப்பத் தடவிக்கிட்டே இருந்துச்சு. பெல்ட்டுல பாத்தா கத்தி இல்ல. டீக்கடைக்கு ஓடி அருவாமனை கொண்டாரதுக்குள்ள…”

“அந்தக் கத்தி எங்கலே போச்சு?” பாண்டியின் அண்ணன் கருத்தப்பாண்டி கேட்டான். “அவன் அது இல்லாம வெளியேறுறவனா? எவனோ எடுத்திருக்கான். நீதான பக்கத்துல நின்ன?”

“அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே.”

மாடத்தி சுளகில் அரிசியை அள்ளினாள். கத்தி வெளியே தெரியாதபடி மேலே நிரவி விட்டாள். அப்போது கொல்லைக் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். வெள்ளைத் தொப்பியோடு பீர் முகமது நின்றார். முன்வாசலில் கூட்டம் என்று சந்து வழியாக வந்திருந்தார்.

“தங்கச்சி” என்றார். “ஒங்கிட்டச் சொல்லாம அங்க போயி நிக்க எனக்குத் தெம்பில்ல. போன வாரம் வந்தான். மடக்கு இறுகுது பாய், தொறக்கச் சண்டித்தனம் பண்ணுதுன்னான். ரெண்டு சொட்டு எண்ணெய் விடுப்பா, சரியாயிரும்னு அனுப்பிட்டேன். கையில வேல இருந்துச்சு. கழட்டிப் பாத்திருக்கணும். நேத்து அவன் எடுத்திருப்பான் தங்கச்சி. தொறந்திருக்காது. கை நழுவி மிசினுக்குள்ள விழுந்திருக்கும். இடுப்பத் தடவுனான்னு சொல்லுதாக. என்னால…” வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, நிலைப்படியைப் பிடித்தபடி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மாடத்தி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுளகை இறக்கி வைத்துவிட்டு டின்னுக்குள் கையை விட்டாள்.

மயிலின் கழுத்தில் இரண்டு அரிசி ஒட்டியிருந்தது. பீர் முகமது அதை வாங்கினார். கட்டைவிரலால் ஒரு நெம்பு நெம்பினார். அலகு ‘டக்’கென்று விரிந்து நின்றது. மடக்கினார். திரும்பவும் விரித்தார். பாண்டி எண்ணெய் விட்டுத்தான் வைத்திருந்தான். மூன்றாம் தடவை மடக்கியபோது அவர் கை நின்றது. டின்னைப் பார்த்தார், மாடத்தியைப் பார்த்தார்.

“பொண்ணு பாக்க வாராகளேன்னு…” என்றாள் மாடத்தி.

“ஆத்தா, அரிசி எடுத்தாச்சான்னு பெரியம்மா கேக்கு” என்று கதவுக்கு அப்பால் பேச்சியின் குரல் கேட்டது. அழுது அழுது ஆம்பிளைக் குரல் மாதிரி ஆகிப்போயிருந்தது.

பீர் முகமது கத்தியைத் துண்டில் சுருட்டி, சட்டையைத் தூக்கி வயிற்றோடு செருகிக்கொண்டார். வந்த வழியே போய்விட்டார்.

மாடத்தி சுளகோடு பந்தலுக்கு வந்தபோது, சந்தைச் சுற்றிக்கொண்டு அவர் முன்வாசலுக்கு வந்திருந்தார். கருத்தப்பாண்டி வீரணனின் சட்டையைப் பிடித்திருந்தான். பீர் முகமது நடுவில் போய் அந்தக் கையை எடுத்துவிட்டார்.

“அவன விடுங்க. கத்தி எம் பட்டறையில கெடக்கு. மடக்கு இறுகுதுன்னு போன வாரம் குடுத்துட்டுப் போனான். இன்னைக்கு நாளைக்குன்னு நாந்தான் இழுத்தடிச்சிட்டேன்.”

முந்தாநாள் வரை பாண்டி அந்தக் கத்தியால் சணல் அறுத்ததைப் பார்த்திருந்த வீரணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்; பிறகு கசங்கிய சட்டையை நீவிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

“ஒரு மடக்கச் சரி பண்ண ஒரு வாரமாய்யா?” கருத்தப்பாண்டியின் குரல் உடைந்தது. “ஒரு வாரமா? நீ அன்னைக்கே குடுத்திருந்தா எந் தம்பி இன்னைக்கு இருப்பான்யா.”

“ஆமா” என்றார் பீர் முகமது. தலையை நிமிர்த்தவில்லை. “தப்புத்தான்.”

யாரோ ஒருத்தி அவர் காதுபடவே சபித்து மண்ணை வாரித் தூற்றினாள். மாடத்தி ஓரடி முன்னால் வைத்தாள். வாயும் திறந்தது. அதற்குள் பேச்சி வந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாடத்தி திறந்த வாயை மூடிக்கொண்டு, ஒரு கையால் மகளை இறுக்கிப் பிடித்தாள்.

“போடு தாயி” என்றாள் சுடலையம்மாள்.

மாடத்தி குனிந்தாள். மூன்று முறை போட்டாள். வாயிலிருந்து வழிந்து கன்னத்தில் கிடந்த அரிசியை விரலால் ஒதுக்கி விட்டாள். கழுத்துத் துணியின் ஓரம் சற்று விலகியிருந்தது. அதை இழுத்துச் சரிசெய்தாள்.

தூக்கும்போது வெயில் ஏறியிருந்தது. பெண்கள் தெருக்கோடி வேப்பமரம் வரைதான் போகலாம். அங்கே எல்லோரும் நின்றுவிட்டார்கள். கொட்டுச் சத்தம் முன்னால் போக, ஆண்கள் பின்னால் போனார்கள். பீர் முகமதுவோடு யாரும் சேர்ந்து நடக்கவில்லை. இருபதடி விட்டு, கடைசியாக, வயிற்றில் கைவைத்துப் பிடித்தபடி அவர் போனார்.

“வா மாடத்தி, தலைக்கு ஊத்தணும்” என்று கூப்பிட்டார்கள். அந்த வெள்ளைத் தொப்பி ரயில்வே கேட்டைத் தாண்டி மறைகிறவரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.