ஓட்டிப் பார்க்காத கார்டு

பதினோரு வருஷமாக லேப்டாப் கடையில் விற்பனையாளர் என்பதால், கம்ப்யூட்டர் விஷயத்தில் குடும்பத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். அன்றைக்குக் கடைக்கு வந்தவள் மனைவியின் தங்கை. வீடுகளுக்கு உள் அலங்காரம் வரைந்து கொடுப்பவள். கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுபோல் திரையில் காட்ட வேண்டும். அதற்கு கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப், கைக்கு எட்டுகிற விலையில்.

இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று தடி, ஒன்று ஒல்லி.

"மாமா, ரெண்டுலயும் ஒரே கார்டு பேருதான் போட்டிருக்கு. ஆனா ஒண்ணு மெதுவா ஓடும்னு எங்கயோ படிச்சேன். நிஜமா?"

அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை.

"நானே ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டேன். ஒரு வித்தியாசமும் இல்ல. எதுக்கு அந்தச் செங்கல்லைத் தூக்கிட்டு அலையற?"

ஒல்லியை வாங்கிப்போனாள்.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குச் சாப்பிட வந்தவள் முகம் வாடியிருந்தது. "கஸ்டமர் முன்னாடி படம் நின்னு நின்னு போச்சு மாமா. தப்பு என் மேலதான். விளக்கு, செடின்னு கண்டதையும் வச்சுக் கனமாக்கிட்டேன். மூணு நாளா ஒவ்வொண்ணா எடுத்துட்டிருக்கேன்."

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். பழைய படத்தை அனுப்பச் சொல்லி, மறுநாள் கடையில் இரண்டு லேப்டாப்பிலும் ஓட்டினான். தடியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒல்லியில் சமையலறை வாசலிலேயே திணறியது. பெயர் ஒன்றுதான், ஒல்லி சூடாகிவிடக் கூடாதென்று கார்டுக்குப் போகும் மின்சாரத்தைப் பாதியாக்கியிருந்தார்கள். விவரத்தாளில் பொடி எழுத்தில் போட்டும் இருந்தது.

புது மாடல் வந்திருக்கிறது என்று சொல்லி மாற்றிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தான். கடைசியில் முதலாளியிடம் உள்ளதைச் சொல்லி, திட்டு வாங்கி, தடியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான்.

"நான் ஓட்டிப் பார்க்கவே இல்லம்மா. பொய் சொன்னேன்."

அவள் கோபப்படவில்லை. "அப்ப என் படம் நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

"அந்தக் கஸ்டமர் வேற ஆளைப் பார்த்துக்கிட்டாங்க மாமா."

அவன் தடியைப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் மேசைமேல் வைத்தான்.

"அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"வேணாம், நானே சொல்றேன்."

சாயங்காலம் சொன்னான். மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு, "என் தம்பிக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் குடுத்தீங்களே, அதையாவது ஓட்டிப் பார்த்தீங்களா?" என்றாள்.

"அதையும் பார்க்கல" என்று சொல்லிவிட்டு, மச்சானின் நம்பரைத் தேடினான்.